ஆக்சிலரேட்டர் பணம் வேண்டுமா? பெங்களூரில் கடை போட்டிருக்கும் நம்ம ஊர் ஆட்களுக்கு

வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாலாவில் கோவை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது, தெரிந்த தம்பி ஒருவன் லேப்டாப்பைத் திறந்து நீட்டினான். “அண்ணா, ஆக்சிலரேட்டருக்கு அப்ளை பண்றேன், டெக்கைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.” ஆக்சிலரேட்டர் என்றால், புதுக் கம்பெனிகளைச் சில மாதம் சேர்த்துக்கொண்டு வழிகாட்டுதலும், பெரும்பாலும் பங்குக்குப் பதிலாகப் பணமும் தரும் இடம். டெக் என்பது அங்கே காட்டும் ஸ்லைடு தொகுப்பு. இருபத்திரண்டு ஸ்லைடு. நகர்ப்புற நீர் மேலாண்மை, செயற்கை நுண்ணறிவு, ஒருங்கிணைந்த தளம் என்று ஓடிக்கொண்டே இருந்தது. பத்தொன்பதாவது ஸ்லைடில்தான் விஷயம் தெரிந்தது: அபார்ட்மென்ட்டுக்கு வரும் தண்ணீர் லாரி நிஜமாகவே எத்தனை லிட்டர் ஊற்றியது என்று அளந்து, அசோசியேஷன் செகரட்டரி போனுக்கு அனுப்பும் மீட்டர். எவ்வளவு நல்ல பொருள்! 2024 கோடையில் இந்த ஊரில் டேங்கருக்குத் தவம் கிடந்தவர்களிடம் சொன்னால் உடனே விலை கேட்பார்கள். அதைப் போய் பத்தொன்பதாவது ஸ்லைடில் புதைத்து வைத்திருக்கிறான்.

நானும் அப்படித்தான் இருந்தேன். இரண்டு முறை விண்ணப்பித்து அடி வாங்கி, மூன்றாவது முறைதான் ஓர் இடத்தில் சேர்ந்தேன். பஸ் சில்க் போர்டைத் தாண்டுவதற்குள் (அதற்கே முக்கால் மணி நேரம் ஆனது) அவனிடம் பேசியதையும், அப்புறம் போனில் பேசியதையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் பணத்தின் விலையைப் பாருங்கள்

ஆக்சிலரேட்டரில் இடம் கிடைப்பதைப் பரிசு கிடைத்த மாதிரி நம் ஆட்கள் கொண்டாடுகிறார்கள். ஆனால் அது விற்பனை. உங்கள் கம்பெனியின் ஒரு துண்டை, உங்களிடம் பேரம் பேசாமல் அவர்களே வைத்த விலைக்கு விற்கிறீர்கள். அந்த விலை நியாயமானதாகவே இருக்கலாம், ஆனால் என்ன விலை என்று தெரிந்துகொண்டு விற்க வேண்டும்.

அமெரிக்காவின் பிரபலமான ஆக்சிலரேட்டரான ஒய் காம்பினேட்டரை எடுத்துக்கொள்வோம், கணக்கு வெளிப்படையாக இருப்பதால். அவர்கள் தருவது மொத்தம் 5 லட்சம் டாலர். அதில் 1.25 லட்சம் டாலருக்கு 7 சதவீதம். அதாவது உங்கள் கம்பெனிக்கு அவர்கள் போடும் மதிப்பு சுமார் 18 லட்சம் டாலர். மீதி 3.75 லட்சத்துக்கு இப்போது விலை கிடையாது. அடுத்து வரும் முதலீட்டாளர்களுக்கு நீங்கள் தரும் விதிகளில் அவர்களுக்கு எது சாதகமோ அதே விதி இவர்களுக்கும் பொருந்தும். அடுத்தவர் 1 கோடி டாலர் மதிப்பில் வந்தால், அந்த 3.75 லட்சம் இன்னொரு 3.75 சதவீதம் ஆகிவிடும். மொத்தம் 10.75. “ஏழு சதவீதம்தானே” என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் இந்த இரண்டாவது பாதியைப் படித்ததே இல்லை.

இன்னொரு கணக்கு. ஆளுக்குப் பாதி வைத்திருக்கும் இரண்டு ஃபவுண்டர்கள். ஆக்சிலரேட்டருக்கு 7, அப்புறம் ஏஞ்சல்களுக்கு (தனியாள் முதலீட்டாளர்கள்) அதே வகைக் காகிதத்தில், அதாவது பின்னால் பங்காக மாறும் ‘சேஃப்’ ஒப்பந்தத்தில், 10. இந்த 17-ம் உங்கள் இருவர் பங்கிலிருந்துதான் போகும், ஏனென்றால் இப்போது புழங்கும் காகிதத்தில் ஒரு முதலீட்டாளர் வாங்கியதை இன்னொருவர் வாங்கியது குறைக்காது. மிச்சம் 83. அடுத்த முதலீட்டுச் சுற்றான சீட் ரவுண்டில் புது முதலீட்டாளருக்கு 20, ஊழியர் பங்குக்கு 10 ஒதுக்கினால் அந்த 83, 58 ஆகும். ஆளுக்கு 29. இது தப்பில்லை, எல்லாருக்கும் இப்படித்தான் நடக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முந்தின நாளே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாக் கதவும் ஒரே கதவில்லை

பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு ஆக்சிலரேட்டர் என்று சொல்லும்போது நாம் நாலைந்து வேறு வேறு விஷயங்களை ஒரே பையில் போடுகிறோம். பீக் எக்ஸ்வி என்ற முதலீட்டு நிறுவனம் நடத்தும் சர்ஜ் 2019-ல் ஆரம்பித்தது. அங்கே தொகை பெரிது, எதிர்பார்ப்பும் பெரிது. அதே 2019-ல் மும்பையில் தொடங்கிய 100எக்ஸ்.விசி, ஐசேஃப் என்ற காகிதத்தை இங்கே கொண்டுவந்தது. அமெரிக்க சேஃப் நம் சட்டத்தில் பங்கும் இல்லை கடனும் இல்லை என்பதால், கட்டாயம் பங்காக மாற வேண்டிய முன்னுரிமைப் பங்காக அதை மாற்றி வடிவமைத்தார்கள். ஆன்ட்லர், இன்னும் கோ-ஃபவுண்டரே கிடைக்காதவர்களையும் தனியாளாகச் சேர்த்துக்கொள்ளும். கூகுள் நடத்தும் ஆக்சிலரேட்டர் பங்கும் கேட்காது, காசும் தராது. வழிகாட்டுதல்தான். பன்னேர்கட்டா ரோடு ஐஐஎம்-இல் உள்ள என்எஸ்ஆர்செல் இன்குபேட்டர், அது வேறு ஜாதி. மூன்று மாதத்தில் விரட்டாமல் நிதானமாக வளர்த்துவிடுகிற இடம்.

அப்புறம் அரசுப் பணம். தண்ணீர் மீட்டர் தம்பிக்கு நான் முதலில் சொன்னது இதுதான். ஹார்டுவேர் செய்கிறவன் முதல் மாதிரியைச் செய்து பார்க்க 7 சதவீதத்தை ஏன் விற்க வேண்டும்? கர்நாடக அரசின் எலிவேட் திட்டத்தில் 50 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு, பங்கு கேட்பதில்லை. மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த ஸ்டார்ட்அப் இந்தியா சீட் ஃபண்ட் திட்டத்தின் விதிப்படி, மாதிரி செய்து பார்க்க 20 லட்சம் வரை மானியம், சந்தைக்குக் கொண்டுபோக 50 லட்சம் வரை கடனாகவோ கடன்பத்திரமாகவோ. ஆனால் கம்பெனி பதிவு செய்து இரண்டு வருஷத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், மத்திய அரசின் டிபிஐஐடி துறை தரும் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் வேண்டும், பணம் இன்குபேட்டர் வழியாகத்தான் வரும், அதுவும் தவணை தவணையாக. உயிரித் தொழில்நுட்பம் என்றால் மத்திய அரசின் பைராக் அமைப்பு தரும் பிக் மானியம், பதினெட்டு மாதத்துக்கு 50 லட்சம் வரை. எந்தத் திட்டத்துக்கு இப்போது விண்ணப்பம் திறந்திருக்கிறது என்பதை அந்தந்தத் தளத்தில் பார்த்துக்கொண்டு இறங்குங்கள். அரசுப் பணம் மெதுவாக வரும் என்பதையும் மறக்க வேண்டாம். அதை நம்பி வேலையை விட்டுவிட்டு, பிறகு வாடகைக்கு அலைந்தவர்களை எச்எஸ்ஆர் லேஅவுட்டில் நிறையப் பார்க்கலாம்.

இங்கே நமக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. கம்பெனியை எந்த விலாசத்தில் பதிவு செய்வது? பெங்களூரில் வாடகை வீட்டு ஓனர் தடையில்லாச் சான்று தரமாட்டார், அதனால் பலரும் ஈரோட்டிலோ சேலத்திலோ அப்பா பெயரில் இருக்கும் வீட்டைக் காட்டிப் பதிவு செய்துவிடுகிறோம். அப்படிச் செய்த நிமிஷமே கர்நாடக அரசின் மானியம் உங்களுக்கு இல்லை. அதற்குப் பதில் தமிழ்நாடு அரசின் டான்சீட் திறக்கும், 10 லட்சம் ரூபாய், 3 சதவீதப் பங்குக்கு. எது வேண்டும் என்று யோசித்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். பிறகு மாநிலம் மாற்றுவதென்றால் மண்டல இயக்குநர் ஒப்புதல், விளம்பரம், கடன் கொடுத்தவர்கள் பட்டியல் என்று மாதக்கணக்கில் இழுக்கும்.

ஒற்றை வரி

ஒய் காம்பினேட்டர் விண்ணப்பத்தில் ஆரம்பத்திலேயே ஒரு கேள்வி, கம்பெனி என்ன செய்கிறது என்று ஐம்பது எழுத்துக்குள் சொல்ல வேண்டும். ஐம்பது வார்த்தை இல்லை, எழுத்து. மற்ற இடங்களில் அளவு மாறும், கேள்வி மாறாது. என் முதல் விண்ணப்பத்தில் ‘ஜவுளி மதிப்புச் சங்கிலிக்கான அறிவார்ந்த தளம்’ என்று எழுதியிருந்தேன், அதுவும் பெரிய பெரிய ஆங்கிலத்தில். மூன்றாவது முறை எழுதியது: சாயப்பட்டறைக்குப் போன துணி எத்தனை கிலோ, திரும்பியது எத்தனை கிலோ, அந்தக் கணக்கு.

நடுவில் நடந்தது ஒன்றே ஒன்றுதான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி முதலாளி, நான் அரை மணி நேரம் விளக்கியதைக் கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த கணக்குப்பிள்ளையிடம் திரும்பி, “ஒண்ணுமில்ல, டையிங்ல எடை குறையுதுல்ல, அதை இவரு புடிச்சுக் குடுப்பாராம்” என்றார். என் வரி அங்கேதான் இருந்தது. உங்கள் வரியும் உங்கள் வாடிக்கையாளர் வாயில்தான் இருக்கும். அவர் உங்கள் சரக்கைப் பற்றி இன்னொருவரிடம் எப்படிச் சொல்கிறார் என்று காது கொடுங்கள், அதைத் தமிழில் எழுதிவைத்துக்கொண்டு, பிறகு எளிய ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள். நேரடியாக ஆங்கிலத்தில் யோசித்தால் நம்மில் பலருக்கு ஆபீஸ் ஆங்கிலம்தான் வருகிறது, பத்து வருஷம் ஐடி கம்பெனியில் மெயில் எழுதிய பாவம்.

எண்களும் அப்படித்தான். ‘200-க்கும் மேற்பட்ட பயனர்கள்’ என்று எழுதாதீர்கள். பதினொரு கம்பெனி பயன்படுத்துகிறது, அதில் ஏழு கம்பெனி மாதாமாதம் 1,500 ரூபாய் கட்டுகின்றன, போன மாதம் நான்குதான் கட்டின. இப்படி எழுதினால் சின்னதாகத் தெரியுமே என்று பயம் வரும். வரட்டும். படிப்பவர் ஒரு நாளைக்கு எத்தனையோ விண்ணப்பம் படிக்கிறவர், ஊதிய பலூனைத் தொட்டுப் பார்க்காமலே கண்டுபிடித்துவிடுவார். எனக்கு இரண்டாவது முறை நேர்ந்தது இதுதான். எங்கள் ஆப் வழியாகக் கணக்கு வைக்கப்பட்ட துணியின் மதிப்பைக் கூட்டி, நான்கு கோடி ரூபாய் பரிவர்த்தனை என்று பெருமையாகப் போட்டிருந்தேன். நேர்முகம் எடுத்த அம்மா கேட்ட முதல் கேள்வி, “அதில் உங்களுக்கு எவ்வளவு வந்தது?” பத்தாயிரத்து ஐந்நூறு. சொல்லி முடித்ததும் ஒரு மௌனம் வந்தது பாருங்கள், இன்றைக்கும் எனக்குக் காதில் கேட்கிறது.

சந்தை அளவு ஸ்லைடில் உலக ஜவுளிச் சந்தை இத்தனை லட்சம் கோடி என்று போடுவதும் இதே வகைதான். இட்லிக் கடை போடுகிறவன், இந்தியாவில் 140 கோடி பேர் சாப்பிடுகிறார்கள் என்று சொல்வதுபோல. உங்களுக்குக் காசு தரக்கூடிய கடைகள் எத்தனை, ஒவ்வொன்றும் வருஷத்துக்கு எவ்வளவு தரும், பெருக்குங்கள். அவ்வளவுதான் அந்த ஸ்லைடு.

ஒரு நிமிட வீடியோ கேட்பார்கள். ஸ்டூடியோ வேண்டாம், பின்னணி இசை வேண்டாம். கோ-ஃபவுண்டர்கள் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து, பார்த்துப் படிக்காமல் பேசுங்கள்.

நேர்முகம்

ஒய் காம்பினேட்டர் நேர்முகம் பத்தே நிமிடம். டெக் எல்லாம் காட்ட விடமாட்டார்கள். நீங்கள் மூன்று வார்த்தை சொல்வதற்குள் குறுக்கே வெட்டுவார்கள், அது அவமரியாதை இல்லை, நேரமில்லை. நம் வளர்ப்பில் பெரியவர் பேசும்போது நிறுத்திவிடுவோம், கேட்ட கேள்விக்கு முன்கதை சொல்லிவிட்டுத்தான் பதிலுக்கு வருவோம். இரண்டும் அங்கே காலை வாரிவிடும். முதல் வாக்கியத்திலேயே பதில், பிறகு காரணம், அதுவும் கேட்டால்.

பயிற்சிக்கு நண்பர்களைப் பிடிக்காதீர்கள், அவர்கள் “சூப்பர் மச்சி” என்பார்கள். எனக்குக் கிடைத்த ஆள் அல்சூரில் இருக்கும் என் மனைவியின் சித்தப்பா. வணிகவரித் துறையில் ஓய்வுபெற்றவர், வாழ்நாள் முழுக்கக் கணக்குப் புத்தகத்தில் ஓட்டை தேடியவர். “மாப்பிள்ளை, அதைத்தான் கேக்கலையே, எத்தனை பேரு காசு குடுத்தாங்க? அதை மட்டும் சொல்லுங்க” என்று நான்கு ஞாயிற்றுக்கிழமை போட்டு வறுத்தெடுத்தார். உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒரு ஆடிட்டரோ, வங்கி அதிகாரியோ, ஹெட்மாஸ்டரோ கட்டாயம் இருப்பார். அவருக்கு ஸ்டார்ட்அப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருப்பதே நல்லது.

யார் சாஃப்ட்வேர் கோடு எழுதுகிறார்கள், நீங்கள் இருவரும் எப்படிப் பழக்கம், ஒருவர் விலகினால் என்ன ஆகும் என்பவை நிச்சயம் வரும். இருவரும் தனித்தனியாக ஒரு தாளில் பதில் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். எங்களுக்கு முதல் தடவை ஆறில் நான்கு ஒத்துப்போகவில்லை.

காகிதம்

இதை யாரும் ஆர்வமாகப் படிக்கமாட்டீர்கள், ஆனால் பணம் நின்றுபோவது பெரும்பாலும் இங்கேதான். பிரைவேட் லிமிடெட் இல்லாமல் நடக்காது. கூட்டு வியாபாரம், எல்எல்பி வைத்துக்கொண்டு பங்கு கொடுக்க முடியாது. ஃபவுண்டர்களின் பங்கு நான்கு வருஷத்தில் சிறிது சிறிதாகச் சேரும்படியும், ஒரு வருஷத்துக்குள் போனால் ஒன்றும் கிடைக்காதபடியும் ஒப்பந்தம் போடுங்கள். கல்லூரித் தோழர்கள்தானே என்று நாங்கள் போடவில்லை. மூன்றாவது ஆள் ஐந்தாவது மாதம் வேறு வேலைக்குப் போனார், 20 சதவீதத்தோடு. திருப்பி வாங்க எட்டு மாதம், ஒரு வக்கீல், ஒரு நட்பு செலவானது. கோடு எழுதிய ஃப்ரீலான்சர் உட்பட எல்லாரிடமும், எழுதியது கம்பெனிக்குச் சொந்தம் என்று கையெழுத்து வாங்குங்கள். இன்னும் வேலையில் இருந்துகொண்டே ராத்திரியில் சொந்தக் கம்பெனியைக் கட்டுகிறவர்கள், உங்கள் நியமன ஒப்பந்தத்தை ஒரு முறை எடுத்துப் படியுங்கள். ஆபீஸ் லேப்டாப்பைத் தொடவே தொடாதீர்கள்.

அடுத்தது மாமா பணம். நம் கம்பெனிகளில் பாதிக்கு முதல் முதலீட்டாளர் தாய்மாமாதான், “வெச்சுக்க, அப்புறம் பாத்துக்கலாம்” என்று ஐந்து லட்சத்தைக் கம்பெனிக் கணக்கில் போட்டிருப்பார். தாய்மாமா மடி இல்லாமல் நம் வீட்டில் காதுகுத்தே நடக்காது, ஆனால் 2013 கம்பெனிச் சட்டத்தின் உறவினர் பட்டியலில் அவர் இல்லை. இயக்குநரின் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர் கடனாகக் கொடுத்தால் உறுதிமொழி வாங்கிக்கொண்டு ஏற்கலாம், மாமா கொடுத்தால் அது டெபாசிட் ஆகிவிடும், அதற்குத் தனி விதிகள். பங்குக்கான பணம் என்று வாங்கினாலும் 60 நாளுக்குள் பங்கு ஒதுக்கியாக வேண்டும், இல்லையென்றால் அடுத்த 15 நாளில் திருப்பித் தர வேண்டும். வேடிக்கை என்னவென்றால் வருமான வரிச் சட்டம் அவரை உறவினராக ஏற்றுக்கொள்கிறது, அவர் உங்களுக்கு நேரடியாக அன்பளிப்பு தந்தால் வரி கிடையாது. ஆகவே முறையாகப் பங்கு கொடுங்கள், அல்லது உங்களுக்கு அன்பளிப்பாக வாங்கி நீங்கள் முதலீடு செய்யுங்கள். ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட பணம் என்றால், ஆக்சிலரேட்டரின் வக்கீல் கண்டுபிடிப்பதற்குள் உங்கள் ஆடிட்டரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்துக்குப் போக வேண்டுமா?

ஒய் காம்பினேட்டர் பணம் இந்திய பிரைவேட் லிமிடெட்டுக்குள் நேராக வராது. அமெரிக்கா, சிங்கப்பூர் போல அவர்கள் ஏற்கும் நாட்டில் தாய்க் கம்பெனி வேண்டும். கிளியர்டாக்ஸ் 2014-லும், ரேசர்பே 2015-லும், மீஷோ 2016-லும், க்ரோ 2018-லும் அந்த வாசல் வழியாக வந்தவைதான். அப்படி வெளியே போன க்ரோ, இங்கே பங்குச்சந்தைக்கு வருவதற்காகத் திரும்பி வந்தபோது கட்டிய வரி சுமார் 1,340 கோடி ரூபாய். உங்களுக்கு அந்தக் கவலை வரும் அளவுக்கு வளர்ந்தால் சந்தோஷம்தான், இருந்தாலும் உங்கள் வாடிக்கையாளர் முழுக்க இங்கேயே இருந்தால் இரண்டு முறை யோசிக்கலாம். முக்கியமான விஷயம்: விண்ணப்பிப்பதற்காக முன்கூட்டியே டெலவேரில் கம்பெனி திறக்க வேண்டியதில்லை. இடம் கிடைத்த பிறகு, அந்நியச் செலாவணி விதி தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு செய்யுங்கள். அதற்கு மாறாக, வெளிநாட்டுப் பணம் உங்கள் இந்தியக் கம்பெனிக்கே வந்தால், பங்கு ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்கு எஃப்சி-ஜிபிஆர் என்ற படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். பாஸ்போர்ட்டையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். மூன்று மாதம் சான் பிரான்சிஸ்கோவில் நேரில் இருக்கச் சொல்வார்கள், ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் விசா நேர்முகத்துக்கு நாள் கிடைப்பது உங்கள் கையில் இல்லை.

காசு கேட்கிற ஆக்சிலரேட்டர்

சேர்வதற்கு உங்களிடம் கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். எனக்கும் ஒரு இடத்திலிருந்து “தேர்வாகிவிட்டீர்கள்” என்று கடிதம் வந்தது, கூடவே 75,000 ரூபாய் பயிற்சிக் கட்டணம், அதோடு 4 சதவீதப் பங்கு. முதலீட்டாளர் அறிமுகம் உண்டாம், பெயர்ப் பட்டியல் மட்டும் தரமாட்டார்களாம். வேறு எங்காவது சந்தேகமாக இருந்தால், அவர்கள் தளத்தில் லோகோ போட்டிருக்கும் பழைய கம்பெனிகளில், இன்றைக்கு மூடிவிட்ட இரண்டைத் தேடிப்பிடித்து அந்த ஃபவுண்டர்களிடம் பேசுங்கள். ஜெயித்தவர்கள் மரியாதைக்காக நல்லதாகத்தான் சொல்வார்கள்.

பெரிய இடங்களில் நூறு பேர் விண்ணப்பித்தால் ஒருவர் இருவருக்குத்தான் கிடைக்கிறது. கிடைக்கவில்லையென்றால் அடுத்த பேட்சுக்கு மறுபடி போடுங்கள், ஆனால் பழைய விண்ணப்பத்தைத் துடைத்து அனுப்பாதீர்கள். போன முறைக்கும் இந்த முறைக்கும் என்ன மாறியது என்பதே அவர்கள் தேடுவது. நான்கு கம்பெனி ஏழானது, விலையை ஏற்றியும் யாரும் போகவில்லை, இப்படி ஏதாவது.

தம்பி டெக்கை ஆறு ஸ்லைடாக்கினான். முதல் ஸ்லைடில் ஒரே போட்டோ, பில்லில் 12,000 லிட்டர், மீட்டரில் 9,400. எலிவேட்டுக்கும் போடுகிறான், ஆக்சிலரேட்டருக்கும் போட்டுவிட்டான். கடைசி நாள் சாயங்காலம் ஏழரைக்குப் பதறிப்போய் போன் செய்தான், “அண்ணா, எட்டு மணிக்கு மூடிருவாங்க, வீடியோ அப்லோட் ஆகவே மாட்டேங்குது!” எட்டு மணி என்று போட்டிருந்தது பசிபிக் நேரம். நமக்கு அது மறுநாள் காலை எட்டரை, அங்கே குளிர்கால நேரம் என்றால் ஒன்பதரை. சாப்பிட்டுவிட்டு நிதானமாக அனுப்பச் சொல்லிவிட்டு வைத்தேன்.